சீலையும் திரைச்சீலையும்

 கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்தபிறகு நிதானமாகப் படியுங்கள்.

என் தங்கை மகள் கோவையில் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறாள். போன வாரம் ராத்திரி 10 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரிசையாக 14 படம் வந்தது. எல்லாமே கர்ட்டன். "பெரியம்மா, ஹாலுக்கு எது எடுக்கட்டும்? பெட்ரூமுக்கு எது? நீங்களே தைச்சுத் தர்றேன்னு சொன்னீங்கல்ல?" என்று ஒரு குரல் பதிவு வேறு. சொன்னது உண்மைதான். பதில் எழுத உட்கார்ந்தேன், அது இப்படி வளர்ந்துவிட்டது. 37 வருஷம் சமூக அறிவியல் எடுத்தவளிடம் கத்தரிக்காய் விலை கேட்டாலும் சங்க காலத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று நீங்களே வகுப்பில் கேலி செய்திருக்கிறீர்கள். இப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.

கர்ட்டனுக்குத் தமிழில் திரைச்சீலை என்று சொல்கிறோம். சீலை என்றால் துணி. எங்கள் கரூர்ப் பக்கம் இன்றைக்கும் புடவையைச் சீலை என்றுதான் சொல்வார்கள். இன்னும் பழைய சொல் எழினி. பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டு என்று ஒன்று உண்டு. போருக்குப் போன அரசனின் பாசறையை அதில் வருணிக்கிறார் நப்பூதனார். நீளமான கோல்களை நட்டு, வண்ணத் துணிகளை வளைத்துக் கட்டி அரசனுக்கு இருப்பிடம் அமைக்கிறார்கள். உள்ளே வலுவான கயிற்றில் எழினியைக் கட்டி, ஒரே இடத்தை இரண்டு அறையாகத் தடுத்திருக்கிறார்கள். அதற்குள்ளே விளக்கு எரிகிறது. அரசன் தூக்கம் வராமல் படுத்திருக்கிறான். யானைகளை நினைக்கிறான், வெட்டுப்பட்ட வீரர்களை நினைக்கிறான்.

சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் இடத்தில் மூன்று வகை எழினி வருகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கமிருந்து இழுப்பது முதல் வகை. இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சந்திப்பது இரண்டாவது. மேலேயிருந்து இறங்குவது மூன்றாவது. இப்போது கடைக்குப் போய்ப் பாருங்கள். சிங்கிள், டபுள், ரோலர் பிளைண்ட் என்று விற்கிறார்களே, அது இந்த மூன்றும்தான். பெயரும் விலையும் மட்டும் மாறியிருக்கின்றன.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அரண்மனை நினைவுக்கு வரவில்லை, எங்கள் வீட்டுக் கொடிக்கயிறுதான் வந்தது.

எங்கள் வீடு ஒரே அறை. அதில் பாதி அப்பாவின் குழித்தறிக்கு. மீதிப் பாதியில் அப்பா, அம்மா, ஆத்தா, அண்ணன், நான், தங்கை என்று ஆறு பேர். அப்பா விடிகாலை 4 மணிக்குத் தறியில் இறங்கிவிடுவார். அதனால் 8 மணிக்கே படுத்தாக வேண்டும், வெளிச்சம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. நான் 1975 இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டியவள். சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "பொட்டப்புள்ள படிச்சு என்ன கலெக்டராகப் போறாளா, விளக்க அமத்து" என்று ஆத்தா தொடங்கிவிடுவார். அப்பா எதுவும் சொல்லமாட்டார், புரண்டு புரண்டு படுப்பார். அதுதான் எனக்கு ஆத்தாவின் பேச்சைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அம்மா யாரிடமும் வாதாடவில்லை. ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், அடுப்பு மூலையில் சுவருக்குச் சுவர் இரண்டு ஆணி. தறிக்கு வாங்கிய கயிற்றை இழுத்துக் கட்டி, தன்னுடைய அரக்குக் கலர் சுங்குடிச் சேலையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டிருந்தாள். சின்னாளப்பட்டிச் சேலை. நான்கடிக்கு மூன்றடி இடம் எனக்குக் கிடைத்தது. அந்தப் பக்கம் இருட்டு, இந்தப் பக்கம் வெளிச்சம். சேலையில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் மட்டும் விளக்கொளியில் நட்சத்திரம் மாதிரி தெரியும். அங்கே உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தேன். அங்கேதான் துணி மாற்றினேன். அழ வேண்டியிருந்தபோது அழுததும் அங்கேதான். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதத்தை நான் முதலில் படித்ததும் அந்தச் சேலைக்குப் பின்னால்தான்.

அம்மாவிடம் அப்போது இருந்தது மூன்றே சேலை. ஒன்றைக் கயிற்றில் போட்டுவிட்டு ஒன்றரை வருஷம் இரண்டை வைத்து மாற்றி மாற்றிக் கட்டினாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நானே சம்பளம் வாங்கி, பீரோவில் சேலை அடுக்கத் தொடங்கியபிறகுதான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

நம் பழைய வீடுகளில் ஜன்னலுக்குத் திரை போடும் வழக்கம் இல்லை. தேவைப்படவில்லை என்பதுதான் காரணம். ஜன்னல் சின்னது, மரக்கதவு உண்டு. கீழ்ப்பாதியை மூடிவிட்டு மேல்பாதியைத் திறந்து வைத்தால் மறைவும் ஆச்சு, காற்றும் ஆச்சு. வெளிச்சம் முற்றத்திலிருந்து வரும். வெயிலுக்குத் திண்ணையில் தட்டியோ மூங்கில் பாயோ கட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டி, பெரிய பெரிய ஜன்னல் வைத்தபிறகுதான் கர்ட்டன் இங்கே வீட்டுச் சாமானாக ஆனது. கோடையில் அவர்களும் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கத்தான் செய்தார்கள். துணித்திரை நம்மிடம் கோயிலில் இருந்தது. கருவறைக்குத் திரை போடுவது உங்களுக்குத் தெரியும். வடலூர் சத்திய ஞான சபையில் வள்ளலார் ஏழு திரை வைத்தார். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்காகவே தொம்பை, தோரணம், விதானம் என்று கையால் எழுதுகிற கலம்காரித் துணிகள் இன்னும் செய்கிறார்கள். 2021 இல் அதற்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது.

நம் வீட்டு ஜன்னலில் திரை இல்லாத அந்தக் காலத்தில், நம் கடற்கரையில் எழுதிய திரைச்சீலைகள் லண்டன் படுக்கையறைகளில் தொங்கின. இதை நான் பாடப்புத்தகத்தில் நடத்தியதில்லை, ஓய்வு பெற்றபிறகு படித்ததுதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரை, துணியில் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதிய துணிக்கு வெள்ளைக்காரர்கள் சின்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். துவைத்தாலும் போகாத சிவப்பு அப்போது ஐரோப்பாவில் பருத்தித் துணியில் பார்க்காத அதிசயம். அந்தச் சிவப்பு நம் கடற்கரை மணலில் விளைகிற சாயவேரிலிருந்து வந்தது. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரி 1663 இல் மனைவியின் அறைச் சுவரை மூடுவதற்கு இந்தத் துணி வாங்கியதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கொஞ்ச காலத்தில் கட்டில் திரை, ஜன்னல் திரை, நாற்காலி உறை எல்லாம் இதுவாகிவிட்டது. அவர்கள் ஊர் நெசவாளிகள் வயிற்றில் அடிவிழ, கலவரம் செய்தார்கள். பிரான்ஸ் 1686 இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700 இல் ஒரு சட்டம், போதாதென்று 1721 இல் இன்னொரு சட்டம். உடுத்தவும் கூடாது, வீட்டில் திரையாகத் தொங்கவிடவும் கூடாது. ஒரு ஜன்னல் திரைக்குப் பாராளுமன்றம் கூடிச் சட்டம் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் போட்டால் ஆசை போய்விடுமா? டேவிட் காரிக் என்பவர் லண்டனில் அந்தக் காலத்துப் பெரிய நாடக நடிகர். கல்கத்தாவில் இருந்த ஆங்கில வணிகர்கள் அவர் மனைவிக்கு மசூலிப்பட்டினத்தில் செய்த கட்டில் திரைகளைப் பரிசாக அனுப்பினார்கள். 1775 இல் சுங்கத்தார் அதைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். பாவம், காரிக் தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தத் திரைகள் இன்றைக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டனில் வேலையாக இருக்கிற என் மாணவர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

எப்படிச் செய்தார்கள் என்பதும் தெரியும். கேர்து என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1742 இல் அதை ஒரு நீண்ட கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். தன்னை நம்பி வந்த, இந்தத் தொழில் தெரிந்த ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பது, மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவது, ஊசியால் துளைத்த காகிதத்தை வைத்துக் கரித்தூள் தட்டிப் படத்தை இறக்குவது, படிகாரத்தால் எழுதிச் சாயவேரில் கொதிக்க வைப்பது, நீலம் ஏறவேண்டாத இடத்தில் மெழுகு பூசுவது என்று ஒன்றுவிடாமல் எழுதிவிட்டார். எவ்வளவு பொறுமையான வேலை பாருங்கள். படிக்கப் படிக்க எனக்குப் பெருமையும் வந்தது, எரிச்சலும் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைக்குள் வைத்திருந்த தொழில் ஒரு கடிதத்தில் கப்பலேறிவிட்டது. காரிக் பெயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதினவர் பெயர் எங்கேயும் இல்லை.

இனி கரூருக்கு வரலாம். எழுபதுகளில் எங்கள் ஊரிலிருந்து படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, கர்ட்டன் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது. ஊரே மாறியது. அப்பா மாதிரி எத்தனையோ குழித்தறிக்காரர்கள் விசைத்தறிக்குப் போனார்கள். எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அதை மறுக்கமாட்டேன். சாயத் தண்ணீர் போய் அமராவதி ஆறு கெட்டது, கரையோரக் கிணறுகள் கெட்டன, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதுவரை வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, நான் பயிற்சிக்குப் போன சமயத்தில் ஒரு கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தாள். கர்ட்டனுக்கு மேலே காதுப்பட்டை வைத்துத் தைக்கிற வேலை, பீஸ் ரேட். ஒரு திரைக்கு எட்டுக் காது. ஒரு காது அரை அங்குலம் தள்ளிப் போனாலும் பிரிக்க வேண்டும். ராத்திரி வந்து விரலை நல்லெண்ணெயில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இத்தனாம் பெரிய ஜன்னல் வெச்சு என்னதான் பாப்பாங்களோ" என்று சிரிப்பாள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் ஒரு லாட்டே திரும்பி வந்துவிட்டது. ஷேடு வித்தியாசம். சாயம் போட்டது வேறு யாரோ. பிடித்தது தைத்தவர்கள் கூலியில். மூன்று வாரக் கூலிக்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு ரிஜெக்ட் பீஸ் கொடுத்து அனுப்பினார்கள். சந்தன நிறத் திரை இரண்டு. ஒன்றைவிட ஒன்று துளி மஞ்சளாம். நானும் பகல் வெளிச்சத்தில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், எது மஞ்சள் என்று இதுவரை கண்டுபிடித்ததில்லை. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மட்டும் அந்த இரண்டையும் வாசலில் மாட்டினாள். அவர்கள் போனதும் கழற்றி மடித்துவிட்டாள்.

1994 இல் கடன் வாங்கி வீடு கட்டினோம். புதுமனைப் புகுவிழாவுக்கு அம்மா அந்தத் திரைகளை ஒரு துணிப்பையில் கொண்டுவந்தாள். "ஹாலுக்கு ஆகுமா பாரு" என்றாள். நான் அப்போதுதான் தவணையில் பளபளப்பான பாலியஸ்டர் கர்ட்டன் வாங்கி மாட்டியிருந்தேன். தாம்பாளம் அகலத்துக்கு ரோஜாப்பூ போட்டது. கூட வேலை பார்க்கும் டீச்சர்களெல்லாம் வருவார்கள், இந்தச் சாதாக் கரூர்த் துணியை எப்படி மாட்டுவது என்று நினைத்தேன். "அப்புறம் பாக்கலாம்மா, பையில இருக்கட்டும்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் போகும்போது பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேற்கு வெயில் பட்டு அந்த ரோஜாப்பூ இரண்டே வருஷத்தில் பழுப்பேறி, மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது.

கண்ணு, நீ கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

துணி வாங்கும்முன் ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று பார். மேற்கு ஜன்னலுக்கு அடர் கலர் வேண்டாம், வெளுத்துவிடும். உள்ளே ஒரு லைனிங் துணி கொடுத்துத் தைத்தால் திரையும் பிழைக்கும், அறையும் குளிரும். ஹாலுக்கு வெளிச்சம் வடிகட்டி வருகிற பருத்தி போதும். படுக்கையறைக்குக் கனமான நெசவு. சமையலறையில் அடுப்புப் பக்கத்து ஜன்னலுக்குத் திரையே வேண்டாம். கடைக்காரர் துணியை விரித்துக் காட்டுவார். அது போதாது. ஒரு முழத்தைக் கொசுவி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார். தொங்கும்போது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

அளவுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். ஜன்னலை அளக்காதே, ராடை அள. ஜன்னல் அகலம் 4 அடி என்றால் ராடு இரண்டு பக்கமும் அரையடி நீட்டி 5 அடி இருக்கும். துணி அதற்கு இரண்டு மடங்காவது வேண்டும், அப்போதுதான் மடிப்பு விழும். அதாவது 10 அடி, 120 அங்குலம். கடையில் துணி அகலம் 48 அங்குலம் என்றால் இரண்டு துண்டு போதாது, மூன்று வேண்டும். உயரத்துக்கு, ராடிலிருந்து ஜன்னலுக்குக் கீழே அரையடி வரை 72 அங்குலம் என்று வைத்துக்கொள். மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 4, பருத்தி சுருங்குவதற்கு இன்னும் 4. ஆக ஒரு துண்டு 84 அங்குலம். மூன்று துண்டுக்கு ஏறக்குறைய 6.4 மீட்டர், ஆறரை மீட்டராக வாங்கு. பெரிய பூ டிசைன் என்றால் பூவுக்குப் பூ பொருந்த வேண்டும், கூட ஒரு மீட்டர் போகும்.

வெட்டும்முன் துணியை ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடு. இதைச் செய்யாமல் நான் 1998 இல் தைத்த திரை ஒரே துவைப்பில் ஜன்னல் விளிம்புக்கு மேலே ஏறி நின்றது. உங்கள் பெரியப்பா "ஜன்னலுக்கு அரைக்கால் டவுசர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வளையம் வைப்பதானால் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்கட்டும். ஒற்றைப்படை ஆனால் ஒரு ஓரம் சுவர்ப்பக்கம் திரும்பும், இன்னொரு ஓரம் அறைப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கீழ் மடிப்பைக் கடைசியில் தை. திரையை மாட்டி இரண்டு நாள் தொங்கவிட்டால் துணி தன் கனத்தில் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு குண்டூசி குத்தி அளந்து மடித்து அடி.

நீ அனுப்பிய 14 படத்தில் எனக்குப் பிடித்தது ஆறாவது, அந்தக் கட்டம் போட்ட பருத்தி. ஒன்பதாவது வேண்டவே வேண்டாம், அது என் ரோஜாப்பூவுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கிறது. ஹாலுக்கு ஆறாவதை எடுத்துவிடு, வந்து தைத்துத் தருகிறேன்.

படுக்கையறைக்கு ஒன்றும் வாங்காதே. உன் அம்மாயி 2003 இல் போய்ச் சேர்ந்தாள். கருமாதி முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் அந்தச் சந்தன நிறத் திரை இரண்டும் இருந்தன. அந்தத் துணிப்பையிலேயே, அந்துருண்டை போட்டு, மடிப்புக் கலையாமல். உன் அம்மாவும் நானும் அன்றைக்கு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக என் பீரோவில்தான் இருக்கின்றன. நேற்று எடுத்து நனைத்துக் காயவைத்தேன். காதுப்பட்டை எல்லாம் அப்படியே உறுதியாக இருக்கிறது, ஒரு தையல்கூட விடவில்லை. உன் ஜன்னல் அளவுக்கு வைத்துப் பார்த்தேன், நீளத்தில் 5 அங்குலம் குறைகிறது. அடியில் அரக்குச் சுங்குடியில் ஒரு பட்டை ஒட்டுப் போட்டால் சரியாக வரும் என்று நினைக்கிறேன். துணி சின்னாளப்பட்டியிலிருந்து சொல்லி வாங்கிவிட்டேன்.

உனக்குச் சம்மதமா இல்லையா என்று கமெண்டில் எழுதாதே. போன் பண்ணு.